அவசர ஃபைல் வரிசையிலேயே நிற்கிறதா? யூயூசிபி முன்னுரிமையைச் சரிபார்க்கும் வழி

சிங்கப்பூரில் கப்பல், கிடங்கு, சரக்கு என்று ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். புது சர்வர், கிளவுட் கணக்கு எல்லாம் காட்டி முடித்துவிட்டு, கடைசியில் ஒரு மூலையைக் காட்டி, "அதையும் கொஞ்சம் பார்த்துக்கங்க" என்கிறார்கள். அங்கே ஒரு பழைய யூனிக்ஸ் பெட்டி. அதில் யூயூசிபி ஓடுகிறது. ஃபைலையும் அஞ்சலையும் வரிசையில் வைத்து, இன்னொரு யூனிக்ஸ் பெட்டியைக் கூப்பிட்டு அனுப்பும் பழைய மென்பொருள் அது. ஒழுங்காக ஓடும்வரை அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஒரு நாள் துவாஸ் கிளையிலிருந்தோ பக்கத்து இந்தோனேசியத் தீவான பாத்தாமிலிருந்தோ ஃபோன் வரும்: "அவசரம்னு போட்ட ஃபைல் இன்னும் வரல, சும்மா போட்டதெல்லாம் வந்துருச்சு." அந்த ஃபோன் வந்ததும் எங்கிருந்து தொடங்குவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மென்பொருள் இன்று நேற்று வந்ததல்ல. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1976-இல் எழுதியது. 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளியே போனது. 1983-இல் ஹனிமன், நோவிட்ஸ், ரெட்மன் மூவரும் சேர்ந்து அதைத் திருத்தி எழுதினார்கள். மூவர் பெயரையும் ஒட்டி ‘ஹனிடான்பர்’ என்று அதற்குப் பெயர். 1991-இல் இயன் லான்ஸ் டெய்லர் எழுதிய டெய்லர் யூயூசிபி வந்தது. லினக்ஸிலும் பிஎஸ்டியிலும் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் இதுதான். அதனால் டெய்லரை வைத்தே சொல்கிறேன். சோலாரிஸ் (சன் நிறுவனத்தின் யூனிக்ஸ்) பெட்டி வைத்திருப்பவர்களுக்குப் பின்னால் தனியாகக் கொஞ்சம் உண்டு.

கட்டளைப் பெயர்களை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் சின்ன ஆங்கில எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் ‘பெரிய’ என்று சொல்லியிருப்பேன். அதை விட்டுவிடாதீர்கள், இந்தச் சமாச்சாரத்தில் பாதிக் குழப்பம் அங்கேதான்.

முன்னுரிமை வேலை செய்யவில்லை என்று புகார் வந்தால் பலரும் உடனே அமைப்புக் கோப்பைத் திறந்து எதையாவது மாற்றுகிறார்கள். வேண்டாம். முதலில் மூன்று கேள்விக்கு, இதே வரிசையில், விடை தேடுங்கள். அந்த வேலையின் மேல் உண்மையில் என்ன எழுத்து ஒட்டியிருக்கிறது? அந்த நேரத்தில் இயந்திரத்தின் கடிகாரம் என்ன காட்டியது? யார் யாரைக் கூப்பிட்டார்கள்? மூன்றுக்கும் விடை கிடைப்பதற்குள் பெரும்பாலும் பிழை தானாகவே தெரிந்துவிடும். மென்பொருளில் கோளாறு என்று முடிவு கட்டவேண்டிய நிலை அபூர்வம்.

எழுத்தின் கணக்கு

யூயூசிபியில் முன்னுரிமைக்குப் பெயர் கிரேடு. அது ஒரே ஓர் எழுத்து அல்லது எண். 0 மிக உயர்ந்தது. 0 முதல் 9 வரை, அடுத்து பெரிய ஏ முதல் பெரிய இசட் வரை, அடுத்து சின்ன ஏ முதல் சின்ன இசட் வரை இறங்கிக்கொண்டே போகும். சின்ன இசட்தான் கடைசி.

இங்கே இரண்டு பேர் ஏமாறுவார்கள். எண் பெரிதானால் முன்னுரிமையும் பெரிது என்று நினைத்து 9 போடுபவர் ஒருவர். அவருடைய வேலை 0 முதல் 8 வரை உள்ள எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும். இன்னொருவர் சின்ன ‘ஏ’ போட்டுவிட்டு ‘ஏ கிரேடு போட்டேனே’ என்பவர். சின்ன ஏ என்பது பெரிய இசட்டுக்கும் கீழே. கிரேடே கொடுக்காமல் போட்ட சாதாரண வேலைகூட அவரை முந்திக்கொண்டு போகும், ஏனென்றால் டெய்லரில் எதுவும் சொல்லாவிட்டால் கிடைப்பது பெரிய ‘என்’.

கிரேடு கொடுப்பது சுலபம். ஃபைல் அனுப்பும் யூயூசிபி கட்டளையிலும், எதிர்முனையில் ஒரு கட்டளையை ஓட்டச்சொல்லும் யூயூஎக்ஸிலும் -ஜி போட்டு, அதை ஒட்டியே எழுத்து. பழைய வழக்கப்படி மின்னஞ்சலுக்குப் பெரிய சி, யூஸ்நெட் என்ற பழைய விவாதக் குழுக்களின் செய்திக்குச் சின்ன டி. இது சட்டமில்லை, வழக்கம்தான். எந்த எழுத்து எதற்கு என்பதை இரண்டு முனைக்காரர்களும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்கு மேலேயே ஒட்டிவிடுங்கள். விக்கியில் எழுதினால் யாரும் தேட மாட்டார்கள்.

இன்னொரு தொல்லை: யார் வேண்டுமானாலும் எந்த எழுத்தையும் போடலாம். ஒரு பிரிவுக்கு ‘பெரிய ஏ வேகமாகப் போகும்’ என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் எல்லாப் பிரிவும் பெரிய ஏ தான். அப்புறம் அந்த எழுத்துக்கு அர்த்தமே இல்லை. இதற்கு அமைப்புக் கோப்பில் மருந்து கிடையாது, மேலாளரிடம் பேசவேண்டியதுதான்.

முதல் வேலை: கோப்பின் பெயரைப் படியுங்கள்

புகார் வந்ததும் யூயூஸ்டாட் -ஏ என்று தட்டுங்கள். வரிசையில் நிற்கும் எல்லா வேலையும் வரும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் வேலையின் அடையாளம் இருக்கும். எதிர்முனையின் பெயர், உடனே ஓர் எழுத்து, அப்புறம் நான்கு இடம் கொண்ட வரிசை எண், எல்லாம் இடைவெளி விடாமல். எதிர்முனைக்குப் ‘பாத்தாம்’ என்று பெயர் வைத்திருந்தால், பாத்தாம் என்ற சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒற்றை எழுத்துதான் கிரேடு. அவசரத்தில் படித்தால் அது எதிர்முனைப் பெயரின் கடைசி எழுத்து மாதிரியே தெரியும், கவனம்.

நேரடியாகப் பார்க்கவேண்டுமென்றால் /வார்/ஸ்பூல்/யூயூசிபி அடைவுக்குள் (வரிசையில் நிற்பவை இருக்கும் இடம், சுருக்கமாக ஸ்பூல்) போய், எதிர்முனையின் பெயரில் இருக்கும் அடைவைத் திறந்து, அதற்குள் பெரிய ‘சி.’ என்ற அடைவைப் பாருங்கள். அங்கே கோப்புப் பெயர் பெரிய சி, ஒரு புள்ளி, கிரேடு எழுத்து, வரிசை எண் என்று இருக்கும். முதலில் வரும் பெரிய சி என்பது கட்டளைக் கோப்பு என்பதற்கான அடையாளம் மட்டும். அதைக் கிரேடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புள்ளிக்கு அடுத்து வருவதுதான் நமக்கு வேண்டியது. கோப்பைத் திறந்து படித்தால் பெரிய எஸ்ஸில் தொடங்கும் ஒரு வரி இருக்கும்: எந்த ஃபைல், எதிர்முனையில் எங்கே போகவேண்டும், போட்டவர் யார் என்பதெல்லாம் அதில் உண்டு. படிக்கலாம், திருத்தாதீர்கள்.

இந்த ஒரு பார்வை எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பதற்கு ஓர் உதாரணம். பெயர் வேண்டாம், ஒரு நிறுவனத்தில் பகலில் மின்னஞ்சல் மட்டும் போகவேண்டும், பெரிய ஃபைல்கள் இரவில் போகவேண்டும் என்று ஏற்பாடு. பல வருடம் ஒழுங்காக ஓடியது. திடீரென்று மின்னஞ்சலும் இரவில்தான் போகத் தொடங்கியது. எந்தக் கிரேடு எந்நேரம் போகலாம் என்று சொல்லும் டைம்கிரேட் வரி அமைப்புக் கோப்பில் இருக்கும். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்தக் கோப்பை மேலும் கீழும் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"அண்ணே, டைம்கிரேட் லைன்ல ஒரு தப்பும் இல்லையே. பெரிய சிக்கு எந்நேரமும்னுதான் இருக்கு."

"லைன் இருக்கட்டும் தம்பி. ஸ்பூல்ல நிக்கிற மெயிலோட பேரைப் படிங்க. புள்ளிக்கு அப்புறம் என்ன எழுத்து?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "என்... பெரிய என் இருக்குண்ணே. எல்லாத்துலயும் என்."

காரணம் யூயூசிபியில் இல்லை. அதற்கு முந்தைய மாதம் யாரோ சென்ட்மெயில் என்ற அஞ்சல் மென்பொருளை எடுத்துவிட்டு போஸ்ட்ஃபிக்ஸ் என்ற இன்னொன்றைப் போட்டிருந்தார்கள். சென்ட்மெயிலின் யூயூசிபி மெயிலர் யூயூஎக்ஸைக் கூப்பிடும்போதே -ஜி பெரிய சி என்று சேர்த்துக் கூப்பிடும். போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில் முன்கூட்டியே இருக்கும் யூயூசிபி வரியில் -ஆர் இருக்கிறது, -என் இருக்கிறது, -இசட் இருக்கிறது. -ஜி மட்டும் இல்லை. அதனால் அஞ்சலெல்லாம் இயல்பான பெரிய என்னுக்கு இறங்கிவிட்டது. வாசலில் நிற்கும் காவலர் ‘சி வரைக்கும்தான் விடுவேன்’ என்றால் என் வெளியேதானே நிற்கும்.

சரிசெய்ய, மாஸ்டர் கோப்பில் அந்த வரியில் யூயூஎக்ஸுக்கு அடுத்து -ஜி பெரிய சி சேர்த்து, போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி வாசிக்கச் சொன்னால் போதும். புதிய அஞ்சல் எல்லாம் சியில் போகும். ஏற்கெனவே வரிசையில் நிற்பவை என்னிலேயே நிற்கும். அவற்றின் எழுத்தை மாற்றுவதற்கென்று கட்டளை எதுவும் டெய்லரில் இல்லை. யூயூஸ்டாட் -கே கொடுத்து வேலையை ரத்து செய்து மறுபடி போடலாம். ஆனால் அது கையால் அனுப்பிய ஃபைலுக்குத்தான் சரி. அஞ்சல் வேலையை ரத்து செய்தால் அஞ்சலின் உரையும் அதோடு போய்விடும், மறுபடி போட உங்களிடம் எதுவும் இருக்காது. அஞ்சல் நின்றால் வாசலைத் தற்காலிகமாகத் திறந்துவிட்டு அது போனபிறகு மூடுங்கள்.

இங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மேலே சொன்ன -ஆர் என்பதற்குப் பொருள், வேலையை வரிசையில் வை, ஆனால் இப்போதே அழைப்பைத் தொடங்காதே என்பது. அப்படிப் போட்ட வேலை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரான் எழுந்து, எதிர்முனையைக் கூப்பிடும் நிரலான யூயூசிக்கோவை ஓட்டும்வரை அசையாது, கிரேடு 0 ஆக இருந்தாலும். ‘உச்ச முன்னுரிமை கொடுத்தும் ஒரு மணி நேரம் ஆகிறது’ என்ற புகாரில் க்ரான் அட்டவணை மணிக்கு ஒரு முறை என்று இருக்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது: நேரக் கதவு

டெய்லரில் எதிர்முனைகளின் விவரம் ‘சிஸ்’ என்ற கோப்பில் இருக்கும். அதில் டைம்கிரேட் என்று ஒரு வரி எழுதலாம்: ஓர் எழுத்து, அப்புறம் ஒரு நேரச்சரம். அந்த எழுத்தும் அதற்கு மேலான எழுத்துகளும் அந்த நேரத்தில் போகலாம் என்று அர்த்தம். வெறும் ‘டைம்’ என்று எழுதினால் சின்ன இசட்டுக்கு டைம்கிரேட் எழுதியதற்குச் சமம், அதாவது எல்லா வேலையும் போகலாம். இரண்டுமே எழுதாவிட்டால் இயல்பு ‘எப்போதும் அழைக்காதே’. புதிதாக ஓர் எதிர்முனையைச் சேர்த்துவிட்டு, அழைப்பே போகவில்லை என்று மோடத்தையும் கேபிளையும் நோண்டுபவர்கள் இந்த ஒரு வரியை விட்டிருப்பார்கள்.

மேலே சொன்ன நிறுவனத்தில் இரண்டு வரி இருந்தது. பெரிய சிக்கு ‘ஏனி’, அதாவது எந்நேரமும். சின்ன இசட்டுக்கு வார நாட்களில் 1900 முதல் 0700 வரை, சனி ஞாயிறு முழுக்க. பகலில் வரிசையில் என் கிரேடு வேலை மட்டும் இருந்தால் யூயூசிக்கோ அழைக்கவே அழைக்காது.

இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ‘சரி, வற்புறுத்தி அழைக்கிறேன்’ என்று யூயூசிக்கோவுக்குப் பெரிய எஸ் கொடுத்து எதிர்முனை பெயரைச் சொல்வார்கள். அப்போது கிரேடு 0 வேலை ஒன்று காத்திருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும், அழைப்பும் போகும். லாக் கோப்பில் அழைப்பு நல்லபடியாக முடிந்தது என்று வரும். ஆனால் உங்கள் ஃபைல் அப்படியே நிற்கும். ஏனென்றால் அழைப்பைத்தான் வற்புறுத்த முடியும். எந்தக் கிரேடு போகலாம் என்ற வரம்பு அந்த அழைப்புக்குள்ளும் செல்லும். அழைப்பு வெற்றி, ஃபைல் மட்டும் போகவில்லை என்றால் நேராக டைம்கிரேட் வரிக்குப் போங்கள்.

அமைப்புக் கோப்பை உங்கள் கண்ணால் படித்து முடிவு கட்டாமல், யூயூசெக் என்ற கருவியிடம் கேளுங்கள். தட்டும்போது ‘செக்’ என்பதற்கு சி, எச், கே மூன்றே எழுத்து. -எஸ் கொடுத்து எதிர்முனையின் பெயரைச் சொன்னால், அந்த எதிர்முனைக்கான அமைப்பைத் தான் எப்படிப் புரிந்துகொண்டது என்று வாக்கியமாகவே சொல்லிவிடும். நள்ளிரவைத் தாண்டும் வரம்பை எந்த நாளின் கணக்கில் அது சேர்த்திருக்கிறது என்பதும் இதில் தெரியும். இதற்கு இன்னொரு பயனும் உண்டு. டெய்லர் தன் சொந்த வடிவக் கோப்புகளையும் படிக்கும், பழைய எல்-டாட்-சிஸ் வடிவத்தையும் படிக்கும், ஹனிடான்பரின் சிஸ்டம்ஸ் வடிவத்தையும் படிக்கும். எதைப் படிக்கும் என்பது தொகுத்தபோது செய்த தேர்வைப் பொறுத்தது. நீங்கள் மாங்கு மாங்கென்று திருத்திய கோப்பை அது படிப்பதே இல்லை என்பது யூயூசெக்கில் உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது கடிகாரம். நேரச்சரம் என்பது அந்த இயந்திரத்தின் உள்ளூர் நேரம். இயந்திரம் எதை உள்ளூர் என்று நினைக்கிறது என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூர் நேரம் உலக நேரத்துக்கு 8 மணி முன்னே. 1982 ஜனவரி 1-க்கு முன் ஏழரை மணிதான். நாம் இருக்கும் தீர்க்கரேகையைப் பார்த்தால் 7 மணியே போதும், அது வேறு கதை. பழைய யூனிக்ஸில் நேர மண்டலத்தை டிஇசட் (இரண்டும் பெரிய எழுத்து) என்ற மாறியில் எழுதும்போது கூட்டல் கழித்தல் தலைகீழ்: கிழக்கே இருப்பவர்கள் கழித்தல் குறி போடவேண்டும். எஸ்ஜிடி-8 என்பது சரி. ‘நாம்தான் 8 மணி முன்னே இருக்கிறோமே’ என்று எஸ்ஜிடி+8 என எழுதினால் இயந்திரம் 16 மணி நேரம் பின்தங்கிவிடும். அப்போது 1900 முதல் 0700 என்று எழுதிய கதவு நம் கணக்குக்குப் பகல் 11 மணிக்குத் திறந்து இரவு 11 மணிக்கு மூடும். எதையும் அமைக்காமல் இயந்திரம் உலக நேரத்திலேயே ஓடினால் கதவு விடியற்காலை 3 மணிக்குத் திறந்து மதியம் 3 மணிக்கு மூடும். புகார் சொல்பவர்கள் தரும் நேரத்தை இந்த இரண்டு கணக்கோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் வேறெங்கும் தேடவேண்டாம்.

நீங்கள் உள்ளே நுழைந்து ‘டேட்’ என்று தட்டி, நேரம் சரியாக வருகிறது என்று திருப்திப்பட்டுக்கொள்வது போதாது. உங்கள் ஷெல்லுக்கு ஒரு டிஇசட், க்ரானுக்கு வேறு டிஇசட் இருக்கலாம். யூயூசிக்கோவை ஓட்டுவது க்ரான். அதனால் க்ரானிலிருந்தே டேட் கட்டளையை ஒரு முறை ஓட்டி, விடையை ஒரு கோப்பில் எழுதவைத்துப் பாருங்கள்.

பாத்தாமோடு வேலை செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். அது நமக்குத் தெற்கே, படகில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், தீர்க்கரேகையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அங்கே மேற்கு இந்தோனேசிய நேரம், நமக்கு ஒரு மணி பின்னே. இரண்டு முனையிலும் 1900 என்றே எழுதிவைத்தால் அங்கே கதவு திறப்பது நம் நேரத்துக்கு இரவு 8 மணிக்கு. ஜொகூரில் இந்தப் பிரச்சினை இல்லை, மலேசிய நேரமும் நம் நேரமும் ஒன்று.

விடுமுறை நாட்களும் அப்படித்தான். ‘வார நாள்’ என்று எழுதினால் திங்கள் முதல் வெள்ளி வரை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். சீனப் புத்தாண்டு, தீபாவளி எதுவும் அதற்குத் தெரியாது. தீபாவளி புதன்கிழமை வந்தால் அலுவலகத்தில் ஆளே இல்லாத அந்தப் பகல் முழுக்கக் கதவு மூடியே இருக்கும்.

மூன்றாவது: கூப்பிட்டது யார்

டைம்கிரேட் கட்டுப்படுத்துவது நீங்கள் எடுக்கும் அழைப்பை. எதிர்முனை உங்களைக் கூப்பிட்டால் அந்த வரியை மென்பொருள் பார்ப்பதே இல்லை. எந்தக் கிரேடு வேலையும் அப்போது போகலாம். பகலில் மூடிவைத்த 40 மெகாபைட் ஃபைல் எப்படிப் போனது என்று தலையைச் சொறிந்தால், அந்த நேரத்தில் எதிர்முனை கூப்பிட்டிருக்கும். லாக் கோப்பில் அது வெளியே போன அழைப்பா, உள்ளே வந்த அழைப்பா என்று பாருங்கள். அதேபோல, நீங்கள் அழைத்தாலும் எதிர்முனை தன் பக்கத்திலிருந்து என்ன அனுப்பும் என்பதை உங்கள் டைம்கிரேட் தடுக்காது.

இதற்கென்று இரண்டு தனி வரிகள் இருக்கின்றன. கால்-டைம்கிரேட் என்று எழுதினால், நீங்கள் அழைக்கும்போது ‘இந்தக் கிரேடும் அதற்கு மேலும்தான் அனுப்பு’ என்று எதிர்முனையிடம் கேட்கும். கேட்கும் என்றுதான் சொன்னேன். எதிர்முனையும் டெய்லர் என்றால் மதிக்கும். மற்றவை மதிக்காமல் போகலாம், வற்புறுத்த வழியில்லை. கால்டு-டைம்கிரேட் என்று எழுதினால், எதிர்முனை உங்களைக் கூப்பிடும்போது உங்கள் பக்கத்திலிருந்து எந்தக் கிரேடு வரை போகலாம் என்பதை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். எதிர்முனை வேறு கேட்டாலும் உங்கள் சொல்தான் நிற்கும். பெயர்கள் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் மாற்றி எழுதிவிடுவார்கள். இரண்டு முனையும் மாறிமாறி அழைக்கும் ஏற்பாடு என்றால் மூன்று வரிகளையும் எழுதிவிடுவது நல்லது.

எழுத்து சரி, கதவு சரி, அழைப்பும் சரி, ஆனாலும் தாமதம் என்றால்

பெரும்பாலும் முன்னால் ஒரு பெரிய ஃபைல் போய்க்கொண்டிருக்கும். கிரேடு தீர்மானிப்பது அடுத்து யார் என்பதை. நடுவழியில் இருக்கும் ஃபைலை நிறுத்தி இறக்கிவிடாது. 9600 பிட் வேகத்தில் விநாடிக்கு அதிகபட்சம் 960 எழுத்துகள். 5 மெகாபைட் ஃபைல் ஒன்று தொடங்கிவிட்டால் குறைந்தது ஒன்றரை மணி நேரம். அது தொடங்கிய அடுத்த நிமிடத்தில் நீங்கள் கிரேடு 0 போட்டாலும் அந்த ஒன்றரை மணி நேரம் நிற்கவேண்டியதுதான். ஃபைலைத் துண்டாக்கி அனுப்புவது ஒரு வழி. கால்-லோக்கல்-சைஸ் போன்ற வரிகளால் இன்ன நேரத்தில் இன்ன அளவுக்கு மேல் கூடாது என்று வைப்பது இன்னொரு வழி. யாரோ எப்போதோ எழுதி மறந்த அளவு வரம்பே உங்கள் ஃபைலை நிறுத்தியிருக்கலாம், அதையும் யூயூசெக்கில் பாருங்கள்.

இன்னொரு காரணம் தோல்வியடைந்த அழைப்பு. ஓர் அழைப்பு தோற்றால் மறுமுயற்சிக்கு முன் கொஞ்சம் காத்திருக்கும். அந்தக் கெடு முடியாமல் க்ரான் யூயூசிக்கோவை எழுப்பினால், மறுமுயற்சி நேரம் வரவில்லை என்று லாக்கில் எழுதிவிட்டுப் படுத்துவிடும். யூயூஸ்டாட் -எம் தட்டினால் ஒவ்வோர் எதிர்முனையின் நிலையும் தெரியும். டெய்லரில் இயல்பாக 26 முறை தோற்றால், அப்புறம் நாளுக்கு ஒரு முறைக்கு மேல் அழைக்காது. கேபிள் கழன்று இரண்டு நாள் கழித்து மாட்டிய இடங்களில் ‘சரிபண்ணியும் போகலை’ என்பார்களே, அது இதுதான். எதிர்முனை சரியாகிவிட்டது என்று உறுதியானதும் பெரிய எஸ் கொடுத்து ஒரு முறை அழையுங்கள், அது காத்திருப்பைப் பொருட்படுத்தாது.

குறைந்த கிரேடில் இரவு வரை நிற்கும் ஃபைல் பற்றியும் ஒரு வார்த்தை. டெய்லர் நீங்கள் கட்டளை கொடுத்ததும் ஃபைலை ஸ்பூலுக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். சோலாரிஸ் போன்றவற்றில் இயல்பு அப்படியில்லை, அனுப்பும் நேரத்தில்தான் மூல ஃபைலைப் போய்ப் படிக்கும். மாலை 4 மணிக்குப் போட்ட கணக்கு அறிக்கையை 6 மணிக்கு யாராவது மாற்றினால், இரவில் போவது மாற்றியதுதான். அழித்துவிட்டால் ஒன்றும் போகாது. அங்கே பெரிய சி கொடுத்து நகலெடுக்கச் சொல்லிவிடுங்கள்.

சோலாரிஸ் வைத்திருப்பவர்களுக்கு

சோலாரிஸ் சேர்ந்த சிஸ்டம் ஃபைவ் வகையில் ‘கிரேட்ஸ்’ (முதல் எழுத்து பெரிய ஜி) என்று ஒரு கோப்பு, யூயூசிபியின் அமைப்பு அடைவிலேயே இருக்கும். ஒரு வரியில் ஐந்து பத்தி: பயனர் சொல்லும் பெயர், அதற்கு இயந்திரம் வைத்துக்கொள்ளும் ஒற்றை எழுத்து, அதிகபட்ச அளவு, யாருக்கு அனுமதி என்ற வகை, பெயர்ப் பட்டியல். இங்கே எழுத்து பெரிய ஏயில் தொடங்கிச் சின்ன இசட்டில் முடியும். மேலே புலம்பினேனே, எல்லோரும் பெரிய ஏ போடுகிறார்கள் என்று, அதற்கு இங்கே வழி இருக்கிறது: கடைசி இரண்டு பத்தியில் யார் எந்தக் கிரேடு போடலாம் என்று கட்டிவிடலாம். அதுவே புகாருக்கும் காரணமாகும். பயனர் பட்டியலில் இல்லை அல்லது ஃபைல் அளவு மூன்றாம் பத்தியைத் தாண்டுகிறது என்றால் அந்தக் கிரேடு அவருக்குக் கிடைக்காது. யூயூஜிலிஸ்ட் -யூ என்று தட்டச்சொல்லுங்கள், அவருக்கு என்னென்ன கிரேடு இருக்கிறது என்று வரும். நீங்கள் ரூட்டாக இருந்து தட்டிப் பார்க்காதீர்கள், அவர் கணக்கில் தட்டவேண்டும்.

திருத்தியபிறகு சோதிப்பது

கதவு எல்லாக் கிரேடுக்கும் திறந்திருக்கும் நேரமாகப் பாருங்கள். ஒரே வரி கொண்ட மூன்று சின்ன ஃபைல்களை, வெவ்வேறு பெயரில், -ஆர் போட்டு வரிசையில் வையுங்கள். முதலில் சின்ன இசட், அடுத்து கிரேடு எதுவும் கொடுக்காமல் ஒன்று, கடைசியில் பெரிய ஏ. வேண்டுமென்றே தலைகீழாக வைக்கிறோம். போட்ட வரிசையிலேயே போனால் கிரேடை அது பார்க்கவில்லை என்று தெரிந்துவிடும். யூயூஸ்டாட் -ஏ தட்டி மூன்றின் எழுத்தையும் உறுதிசெய்யுங்கள். அப்புறம் ஒரே ஓர் அழைப்பு. லாக் கோப்பில் பெரிய ஏ, பெரிய என், சின்ன இசட் என்ற வரிசையில் மூன்றும் போயிருக்கவேண்டும்.

அடுத்த நாள் பகலில், கதவு சிக்கு மட்டும் திறந்திருக்கும் நேரத்தில், பெரிய சியில் ஒன்றும் பெரிய என்னில் ஒன்றும் வைத்து மறுபடி அழையுங்கள். சி போகவேண்டும், என் நிற்கவேண்டும். இரண்டு சோதனையும் இப்படி வந்தால் உங்கள் பக்கத்தில் தேட இனி ஒன்றுமில்லை. எதிர்முனைக்காரரைக் கூப்பிட்டு அவருடைய ஸ்பூலில் நிற்கும் கோப்புகளின் பெயரைப் படிக்கச் சொல்லுங்கள், புள்ளிக்கு அடுத்த எழுத்திலிருந்து.